மூணாவது கடன் எங்கிருந்து வருது?

"இந்தக் காலத்துப் பசங்க கையில காசு எங்க தங்குது?" வேலைக்குப் போகும் இளைஞர்கள் கடனில் சிக்குவது பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் மொத்த விளக்கமும் இந்த ஒரு வரிதான். ஐபோன், வார இறுதியில் ஈ.சி.ஆர்., ராத்திரி பதினோரு மணிக்கு வாசலுக்கு வரும் பிரியாணி. பட்டியல் தயாராக இருக்கும். எனக்கும் இந்த விளக்கத்தின் மேல் பெரிய கோபம் எதுவும் இல்லை, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பார்த்தால் இடிக்கிறது.

எக்செல்லில் கணக்குப் போடும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் நண்பர்களின் தம்பிகள், தெரிந்தவர்கள் என்று அவ்வப்போது சிலர் தங்கள் கடன் விவரத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எல்லாரும் இருபத்து மூணு வயதிலிருந்து முப்பதுக்குள். ஐ.டி., பி.பி.ஓ., தனியார் வங்கியில் சேல்ஸ், ஆஸ்பத்திரி வேலை. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், குறிப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களில் போன் இருக்கும், இல்லாமல் இல்லை. ஆனால் மொத்தக் கடன் மூணரை லட்சம் என்றால் போன் அதில் முப்பதாயிரம். மீதி எங்கிருந்து வந்தது என்று தேதி வாரியாக எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த கடனைக் கட்ட வாங்கிய கடன்.

அதனால் "ஏன் கடன்ல விழறாங்க?" என்ற கேள்வியை நான் இரண்டாக உடைத்துத்தான் பார்க்கிறேன். முதல் கடன் ஏன் வருது? மூணாவது கடன் ஏன் வருது? இரண்டுக்கும் பதில் ஒன்றில்லை.

முதல் கடன் பல பேருக்கு முதல் சம்பளத்துக்கு முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது. கேம்பஸில் வேலை கிடைத்த அன்று ஊரில் எல்லாரிடமும் சொன்னது சி.டி.சி. தொகை. வருஷத்துக்கு 3,60,000 என்றால் மாசம் முப்பதாயிரம் என்று அப்பா மனக்கணக்குப் போட்டுவிடுவார். அந்த முப்பதில் கம்பெனி போடும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ், வருஷக் கடைசியில் வந்தாலும் வரலாம் என்கிற வேரியபிள் பே எல்லாம் அடக்கம். நம் பங்கு பி.எஃப். தனியாகப் பிடிப்பார்கள். அக்கவுண்டில் வந்து விழுவது இருபத்து நாலாயிரம் சொச்சம். அதுவும் மாசத்தின் கடைசி வாரத்தில் சேர்ந்திருந்தால் அந்த மாசத்துச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியிருக்காது, அடுத்த மாசக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பி.ஜி.க்கு அட்வான்ஸ், இல்லை நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பாத்திரம், மெத்தை, ஆபீஸுக்கு நாலு சட்டை, ஷூ. ஒரு ரூபாய் சம்பாதிப்பதற்கு முன் முப்பது, நாற்பதாயிரம் செலவு. படிப்புக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அதுவும் சேர்கிறது. கல்விக் கடனை வழக்கமாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வேலையில் சேர்ந்து காலூன்றும் நேரத்தில் அதன் தவணை வந்து நிற்கும்.

இவ்வளவும் பல பேர் எழுதியதுதான். அதிகம் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. லோடு ஆட்டோ ஓட்டுகிறார், தறி ஓட்டுகிறார், பெட்டிக் கடை வைத்திருக்கிறார். வருமானம் உண்டு, ஆனால் அதை வங்கிக்குக் காட்டத் தாள் இல்லை. அதனால் இருபது வருஷமாக வீட்டுக் கடன் எல்லாம் வெளியில்தான். ஊரில் மூணு வட்டிக்கு வாங்கியிருப்பார். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் மூணு ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். அம்மாவின் நகை காலேஜ் ஃபீஸுக்காக அடகுக் கடையில் இருக்கும். குழுக் கடன் வேறு. இந்த வீட்டிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ வேலைக்குப் போய் மூணு மாசச் சம்பளச் சீட்டு கையில் வந்ததும் நிலைமை மாறுகிறது. குடும்பத்திலேயே முதல்முறையாக ஒரு ஆளுக்கு வங்கி தானாகக் கூப்பிட்டுக் கடன் தருகிறேன் என்கிறது. "உன் பேர்ல ஒரு லோன் போட்டுக் குடுப்பா, மாசா மாசம் நான் அனுப்பிடறேன்" என்று அப்பா கேட்பது இப்படித்தான்.

இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கணக்குப்படி பார்த்தால் 36 சதவீதக் கடனை 15 சதவீதக் கடனாக மாற்றுவது புத்திசாலித்தனமான வேலை. நகையை மீட்பதும், அக்கா கல்யாணத்துக்கு நிற்பதும் ஊதாரித்தனம் இல்லை. ஆனால் கடன் வெளியிலிருந்து வங்கிக்கு மாறும்போது வட்டி மட்டும் மாறுவதில்லை, கடனின் குணமே மாறிவிடுகிறது. ஊர்க் கடன்காரரிடம் "இந்த மாசம் மழை, ஓட்டம் இல்ல, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லலாம். அவர் திட்டுவார், நாலு பேர் முன் கேட்பார், ஆனால் நாள் தள்ளும். தானியங்கித் தவணைக்கு மழை வெயில் தெரியாது. அஞ்சாம் தேதி விடிந்ததும் அக்கவுண்டைத் தட்டும். பணம் இல்லையென்றால் நம் வங்கி சில நூறு ரூபாய் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் தன் பங்குக்கு ஒன்று போடுவார். அப்பா அனுப்புவதாகச் சொன்ன பணம் முதல் அஞ்சாறு மாசம் வரும். அப்புறம் ஒரு மாசம் வராது. கேட்கவும் முடியாது. அப்பாவின் வருமானம் ஏறி இறங்கும், தவணை ஏறி இறங்காது. அந்த இடைவெளியைத் தாங்குவது இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் சம்பளம்.

வீட்டுக் கடன் இப்படிப் பிள்ளையின் பெயருக்கு வந்து சேர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 'தனிநபர் கடன்' என்று தெரியும். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் இருபது வருஷக் கடன்.

இனி பொருள் வாங்குவதற்கான கடன். கடைக்காரர் இப்போதெல்லாம் விலையைச் சொல்வதில்லை, "மாசம் எவ்ளோ வரும்"னு சொல்கிறார். 1,00,000 ரூபாய் பொருளுக்கு 12 சதவீத 'ஃப்ளாட்' வட்டி, இரண்டு வருஷம் என்கிறார் என்று வையுங்கள். வட்டி 24,000, மாசத் தவணை 5,167. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் மாசா மாசம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம், வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இதே கடனின் வட்டி வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 21.6 சதவீதம். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' இன்னும் சுவாரசியம். பூஜ்ய வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்ற கருத்தை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கையாக வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு அதே வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழித்துக் காட்டுகிறார்கள். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் நம் பில்லில்தான் வரும். தொகை சிறியது, அதில் யாரும் மூழ்கிவிட மாட்டார்கள். பெரிய பாதிப்பு வேறு: 'மாசம் 2,500தானே' என்று ஐந்து பொருளுக்குத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறோம், ஐந்தையும் சேர்த்து ஒருமுறை கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டிப் பார்ப்போம். இது பல பேருடைய கணக்கைக் கலந்து மாதிரிக்கு நான் எழுதியது. கையில் வரும் சம்பளம் 38,000. கல்விக் கடன் 4,500. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய மூணு லட்சம், 15 சதவீதம், நாலு வருஷம்: தவணை 8,350. பைக் 3,200. போன் 2,500. ஆக 18,550. வாடகை, சாப்பாடு, பெட்ரோல் 14,000. வீட்டுக்கு 5,000. மொத்தம் 37,550. மிச்சம் 450 ரூபாய்.

இந்தப் பட்டியலில் யாராவது ஊதாரித்தனம் காட்டுங்கள் பார்ப்போம். அந்த போனை வேண்டுமானால் சொல்லலாம், சரி. அதை எடுத்துவிட்டாலும் மிச்சம் மூவாயிரத்தைத் தாண்டாது. தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ் டிக்கெட், ஒரு பல் வலி, டூ வீலர் சர்வீஸ், நண்பன் கல்யாண மொய், இது எதற்கும் இந்தக் கணக்கில் இடம் இல்லை. ஆனால் இவை வராமல் ஒரு வருஷமும் போவதில்லை. அதனால் இவை எல்லாம் கிரெடிட் கார்டுக்குப் போகின்றன. இங்கேதான் மூணாவது கடன் தொடங்குகிறது.

கார்டில் வருஷக் கடைசியில் 50,000 சேர்ந்துவிட்டது. முழுசாகக் கட்ட முடியாது. பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும், அதைக் கட்டிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை, சிபிலும் கெடாது. நம் ஆள் நாணயமாக மாசா மாசம் அதைக் கட்டுகிறார். வட்டி மாசம் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 4.13. முதல் மாசம் வட்டியும் வரியும் 2,065. பாக்கியில் 5 சதவீதம் மினிமம் டியூ என்றால் கட்டியது 2,603. அசலில் குறைந்தது 538 ரூபாய். இப்படியே பன்னிரண்டு மாசம் கட்டினால் கையை விட்டுப் போனது சுமார் 29,400. ஐம்பதாயிரம் பாக்கி 43,900க்கு வந்திருக்கும். இதுவும் அந்த வருஷம் கார்டைத் தொடவே இல்லை என்றால். தொட்டால், பழைய பாக்கி நிற்கும்வரை புது வாங்கலுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த ஒரு விதியை நான் சொன்னபோது வங்கியிலேயே வேலை பார்க்கும் ஒருவர், "அப்படியாண்ணா? எங்களுக்கு டிரெயினிங்ல கார்டு விக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

கார்டின் வரம்பும் தீர்ந்ததும் அடுத்த படி, செயலி. பத்தாயிரம் ரூபாய், முப்பது நாள். பிராசஸிங் 10 சதவீதம், அதற்கு ஜி.எஸ்.டி., முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,820. மாசம் 2 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டியது 10,200. 'ரெண்டே பர்சென்ட்' என்று திரையில் இருக்கும். கையில் வந்த 8,820க்கு ஒரு மாசத்துக்கு 1,380 கொடுத்தால் அது 15.6 சதவீதம், வருஷத்துக்குக் கணக்கிட்டால் 188ஐத் தொடும்.

இதைப் பார்க்கும்போது எனக்கு நம்மூர்த் தண்டல் ஞாபகம் வரும். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐநூறு கையில் தருவார்கள், தினம் நூறு ரூபாய், நூறு நாள். கொடுமையான வட்டிதான். 2003இல் தமிழ்நாடு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலும் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். தண்டல் வாங்கும் பூக்காரம்மாவுக்கு அந்தப் பணம் சரக்காகிறது, அன்றைக்கே காசாகிறது, அதிலிருந்துதான் நூறு ரூபாய் போகிறது. மாசச் சம்பளக்காரருக்குச் செயலிக் கடன் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகச் சம்பாதித்துத் தருவதில்லை. அஞ்சாம் தேதித் தவணையைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அடுத்த மாசம் அதே 38,000, அதே 450 மிச்சம், அதோடு 10,200 பாக்கி. அதைக் கட்ட இன்னொரு செயலி.

ஏன் ஒரு மாசம் தவணை தவறினால் என்ன என்று விட்டுவிடுவதில்லை? நான் கேட்ட எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "சிபில் போயிடும்ணா." 300லிருந்து 900க்குள் ஒரு எண். நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்காது, சில கம்பெனிகளில் வேலைக்கு எடுக்கும்போதே பார்க்கிறார்கள் என்ற பயம். அந்த எண்ணைக் காப்பாற்றக் கடன் வாங்கிக் கடனைக் கட்டுகிறார்கள். தவறாமல் கட்டுவதால் எண் நன்றாக இருக்கிறது, எண் நன்றாக இருப்பதால் "உங்களுக்கு ரூ. 2 லட்சம் தயார்" என்று மெசேஜ் வருகிறது. ஏமாற்றும் எண்ணம் உள்ளவன் முதல் கடனோடு போனை அணைத்துவிட்டு நின்றுவிடுவான். ஏழு, எட்டு கடன் வரை போவது நாணயஸ்தன்தான். சரியாகத் திருப்பித் தருபவர் என்பதற்கு எந்த அளவுகோலை வைத்திருக்கிறோமோ, அதுவே இவரை மேலே மேலே தள்ளுகிறது.

பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பற்றியும் இரண்டு வரி. "ஒரே டிரேடுல எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்று கடன் பணத்தை அதில் போடுகிறவர்கள் உண்டு. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31இலிருந்து 43 சதவீதமாக ஏறியிருந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் ஐதராபாத்திலும் சென்னையிலும் கடன் செயலிக் கும்பல்கள் பிடிபட்ட பிறகு, ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதிகள் கொண்டுவந்தது. பணம் நடுவில் யார் கையிலும் போகாமல் நேரே வாங்குபவர் அக்கவுண்டுக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டியை முன்பே எழுதித் தர வேண்டும். செயலி நம் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. 2023 நவம்பரில் அடமானம் இல்லாத கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தையும் உயர்த்தியது. நல்ல முடிவுதான். ஆனால் சுழற்சியில் இருப்பவருக்கு இதன் பொருள் வேறு. எட்டாவது கடனை நம்பி ஏழாவதை வாங்கியவருக்கு எட்டாவது கிடைக்காமல் போகும்போது, எல்லாம் ஒரே மாசத்தில் கழுத்துக்கு வரும். வசூல் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது, அதில் சிறைத் தண்டனையும் உண்டு. அப்படி ஒரு சட்டம் தேவைப்படும் அளவுக்கு இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

அந்த மாசத்தில் ஆள் எப்படி இருப்பார் என்று பார்த்திருக்கிறேன். போன் அடித்தால் கவிழ்த்து வைப்பார். வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார். வீட்டுக்கு அவர்தான் கரை சேர்ந்த பிள்ளை. அவர் பெயரில்தான் அக்கா கல்யாணம் நடந்தது. "அப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவாருண்ணா" என்பார். பாதிக் கடன் அப்பாவுக்காக வாங்கியது என்பது இருவருக்கும் தெரியும்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில், தவணையை வைத்து அடுக்காமல் உண்மையான ஆண்டு வட்டியை வைத்து அடுக்குங்கள். 188 மேலே, கார்டின் 50 அதற்கு அடுத்து, 15 கீழே. பயமுறுத்துவது பெரும்பாலும் கீழே இருக்கும் பெரிய தொகை, ரத்தம் உறிஞ்சுவது மேலே இருக்கும் சின்னதுகள். கார்டு பாக்கியை வங்கியிடமே கேட்டுத் தவணைக் கடனாக மாற்றலாம், வட்டி ஏறக்குறையப் பாதியாகும். வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கி நகைக் கடன் இன்னும் மலிவு. ஆனால் அதற்கு வீட்டில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் பல பேர் இந்த வரியில் நின்றுவிடுகிறார்கள்.

வட்டி குறைவான பெரிய கடனில் ஒரு தவணை தள்ளிப்போனால் எண் இறங்கும், மறுபடி ஏறும். அதைக் காப்பாற்ற 188க்குப் போக வேண்டாம். தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் சொல்லி, காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று வசூல் ஆள் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 'செட்டில்டு' என்று பதிவாவதும் 'க்ளோஸ்டு' என்று பதிவாவதும் ஒன்றல்ல, முதலாவது பல வருஷம் கூடவே வரும். வேறு வழியே இல்லாதவருக்கு அது ஒரு வழிதான், ஆனால் அது என்னவென்று தெரிந்து எடுக்க வேண்டும்.

காலையில் எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது 2022 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள், முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. எண் 14448, புகாருக்குக் கட்டணம் கிடையாது.